இருபத்தொரு நாள் ஊசி

ஜனவரி 20, ஞாயிறு

அடுத்த ஞாயிறு மகள் சங்கரிக்கு வளைகாப்பு. காலைப் பொழுது முழுக்க பிளம்பரோடு மல்லுக்கட்டியதில் போய்விட்டது. ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வருகிறாள், குத்தவைக்கிற கக்கூஸை எடுத்துவிட்டு உட்காருகிற மாதிரி வைத்துக்கொடு என்று பத்து நாளாகக் கெஞ்சுகிறேன். "இந்தா முடிச்சிருதேன் சார்" என்கிறான். முப்பத்திரண்டு வருடம் பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து, ஐந்து நிமிடம் பிந்திய டிரைவரை எல்லாம் நிற்கவைத்துக் கேள்வி கேட்டவன் நான். இவனிடம் ஒன்றும் செல்லவில்லை.

மத்தியானம் சங்கரி சங்கரன்கோவிலில் இருந்து போன் பண்ணினாள். மாமியார் வீட்டு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதாம். பாதிப் படியில் நின்று நின்று போகிறாளாம். அங்கே பார்க்கிற டாக்டரம்மா ரத்தம் குறைவு என்று டானிக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ரத்தம் குறைவு என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. மகளுக்கு ரத்தம் இல்லை என்றால் எந்தத் தகப்பனாவது நிம்மதிப்படுவானா? பட்டேன். முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் வாங்கி வைக்க வேண்டும்.

ஜனவரி 22

சீர்த்தட்டில் வைக்க வெள்ளிக் கிண்ணம் தேடி இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தப் பச்சை ஃபைல் இருந்தது. எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எடுத்துவிட்டேன்.

சங்கரிக்கு அப்போது பதினோரு வயது. அவள் அம்மா மஞ்சள் காமாலையில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. மெடிக்கல் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன், சரியாயிற்று. மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால், அப்புறம் மணிக்கட்டு. குழந்தை டாக்டர் அருணாசலம் அவள் நெஞ்சில் குழாயை வைத்தவர் வெகு நேரம் எடுக்கவே இல்லை. ருமாட்டிக் காய்ச்சல் என்றார். தொண்டைக்கு வந்த கிருமியை அடிக்க உடம்பு ஆள் அனுப்புகிறது. அந்தக் கிருமிக்கும் இருதயத்து வால்வுக்கும் ஒரே ஜாடை. அதனால் வால்வுக்கும் சேர்த்து அடி விழுந்துவிட்டது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "ஆள் மாறாட்டக் கேஸ்தான் இது." விழுந்த அடியை மாற்ற முடியாது. ஆனால் ஒவ்வொரு தடவை அந்தக் கிருமி தொண்டைக்கு வரும்போதும் மறுபடி அடி விழும். அதை வரவிடாமல் தடுக்க இருபத்தொரு நாளைக்கு ஒரு பென்சிலின் ஊசி.

இடுப்பில் போடுகிற ஊசி. கெட்டியான மருந்து, இரண்டு நாள் நொண்டுவாள். காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பேன். ஒன்பது வருடத்தில் ஓர் ஊசி தவறவில்லை. மழை வெள்ளத்தில் பஸ் ஓடாத அன்றுகூட அவளை சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டு வந்தேன்.

ஆனால் ஊர் வாய் இருக்கிறதே. மாதா மாதம் ஊசி போடப் போகிற பெண் என்று பேச்சு கிளம்பியது. பூ வைத்துவிட்டுப் போன ஒரு வரன் பதினைந்தாம் நாள் திரும்பிப் போனது. அடுத்து வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணுக்கு நெஞ்சுல ஓட்டையாமே" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள்.

இருபதாவது வயதில் ஊசி நின்றது. இருபத்தொன்றில் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டுக்கு இந்த விஷயம் தெரியாது. தெரிந்தால் என் பிள்ளையை வாழவிடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபைலை மறுபடி அடியிலேயே வைத்துவிட்டேன்.

ஜனவரி 27, ஞாயிறு

வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. சம்பந்தியம்மா ஆவுடையம்மாளுக்கு ஆகிருதியும் பெரிது, குரலும் பெரிது. அவள் ஒருத்தி பாடினால் போதும், ரேடியோ செட் வேண்டாம். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள். புளியோதரையில் உப்பு ஒரு கை கூடுதல். யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

சங்கரி முகம் வெளுத்துத்தான் இருந்தது. பெரியவர்கள் காலில் விழக் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்து வாயைத் திறந்து மூச்சு விட்டாள். கொஞ்சம் இருமினாள்.

"பிள்ள மேல தூக்கி நிக்கி. அதான் மூச்சு முட்டுது" என்றாள் சம்பந்தியம்மா. "ஆம்பளப் பிள்ளதான், எழுதி வச்சிக்கிடுங்க அண்ணாச்சி."

எழுதி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கார் வைத்து கோவில்பட்டிக்கு அழைத்து வந்தேன். மாப்பிள்ளை வேல்ராஜ் தெருமுனை வரை காரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தார். நல்ல பையன்.

ஜனவரி 28

நம் வீட்டு வாசல் மூன்று படி. அதற்கே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜனவரி 30

கீழே படுத்தால் மூச்சு அடைக்கிறது என்று மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். அது தூக்கமா என்றே தெரியவில்லை. நெஞ்சில் கைவைத்துப் பார்த்தால் உள்ளே தறி ஓடுகிற மாதிரி அடிக்கிறது. கர்ப்பிணிகளுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எதிர்வீட்டு ராசம்மா சொன்னாள். அவள் நாலு பெற்றவள், அவளுக்குத் தெரியும்.

மத்தியானம் அவரைக்காய் ஆய்ந்துகொண்டே சங்கரி கேட்டாள்.

"எப்பா, அந்தப் பழைய நெஞ்சு விசயத்த டாக்டரம்மாட்ட சொல்லணுமோ?"

"அதான் சரியாப்போச்சு, ஊசி வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டாருல்லா தாயி."

"ஆமா. சும்மா கேட்டேன்."

மறுபடி காய் ஆய்ந்தாள். அவரைக்காய்ப் பொரியலில் தேங்காய் கொஞ்சம் அதிகம் போட்டேன், அவளுக்குப் பிடிக்கும். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள்.

பிப்ரவரி 1, வெள்ளி

இங்கே பிரசவம் பார்க்கப்போகிற டாக்டரம்மாவிடம் முதல் தடவையாகக் கூட்டிப் போனேன். சம்பந்தியம்மாவும் காலை வண்டிக்கே வந்துவிட்டாள். மருமகளை எங்கே சேர்க்கிறோம் என்று பார்க்க வேண்டுமாம்.

உள்ளே மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா கேட்டுக் கேட்டு எழுதினாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, வீட்டில் யாருக்காவது வலிப்பு உண்டா. அப்புறம், "சின்ன வயசுல மூட்டு வீக்கம், இருதயக் கோளாறு, அந்த மாதிரி எதுவும்?"

சங்கரி என்னைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் ஆவுடையம்மாள். மடியில் பெரிய பையை வைத்துக்கொண்டு அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்றேன்.

டாக்டரம்மா குழாயை வைத்துப் பார்த்தாள். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பிள்ளையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றாள். இருமலுக்கு ஒரு சிரப், இரும்புச்சத்து மாத்திரை இரண்டு வேளை. குழாய் வைத்துப் பார்த்த டாக்டருக்கே ஒன்றும் கேட்கவில்லை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? ஆட்டோவில் வரும்போது இதையே நாலைந்து தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 2

துணி துவைத்தேன். பிளம்பர் வந்து வேலையை முடித்தான். சங்கரிக்குக் கால் வீங்கியிருக்கிறது.

பிப்ரவரி 4, திங்கள்

இன்று சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்தேன். பச்சை ஃபைலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, பால் கார்டு புதுப்பிக்கப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு டாக்டரம்மா வீட்டுக்குப் போனேன். தனியாக உள்ளே போய், அம்மா, அன்றைக்குச் சம்பந்தி இருந்ததால் சொல்லவில்லை, இதுதான் விஷயம் என்று ஃபைலைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

டோக்கன் முப்பத்தேழு. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். முப்பத்தாறைக் கூப்பிட்டபோது எழுந்தவள், "யாரு, சங்கரி அப்பாவா?" என்று நின்றாள். ஆவுடையம்மாளின் தம்பி பெண்டாட்டி. ஊர் உலகத்தில் வேறு டாக்டரே இல்லை பாருங்கள். "உங்களுக்கு உடம்புக்கு என்ன? பொம்பள டாக்டர்ட்ட வந்திருக்கீக?" என்று சிரித்தாள். பையில் என்ன என்று அவள் கண் போயிற்று, அல்லது போன மாதிரி எனக்குத் தோன்றியது.

"மாத்திரைச் சீட்டு தொலஞ்சுபோச்சு, கேக்க வந்தேன்" என்றேன். அவள் உள்ளே போனதும் நான் வெளியே வந்துவிட்டேன்.

நாளைக்குப் போகலாம். நாளை காலையில் முதல் டோக்கனாக எடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 5, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் எழுந்து எங்காவது ஓடிவிடுவேன் போல் இருக்கிறது.

காலையில் போகவில்லை. முதல் டோக்கனுக்கு ஏழு மணிக்கே கிளம்ப வேண்டும். சங்கரிக்கு அப்போதுதான் கண் அசந்தது, எழுப்பிச் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை என்று இருந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு அடுப்படியில் இருந்தேன். "எப்பா" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஓடிப் போனால் கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. இருமும்போது வாயில் நுரை, இளஞ்சிவப்பாக. பேசவே முடியவில்லை. கண்ணை அகல விழித்து என்னையே பார்த்தாள். நீரில் முங்குகிறவள் கரையில் நிற்பவனைப் பார்ப்பது போல இருந்தது. நான் என்ன செய்ய? முதுகைத் தடவினேன். விசிறினேன். ராசம்மாதான் நூற்றெட்டுக்குப் போன் பண்ணினாள்.

வண்டியில் ஆக்சிஜன் வைத்து நேரே திருநெல்வேலிக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவசரப் பிரிவில் சின்ன வயது டாக்டர் ஒருத்தி. மிஞ்சினால் என் மகளைவிட நாலு வயது மூத்தவள். சங்கரியை இடது பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, குழாயை வைத்து, சுற்றிலும் பேசியவர்களைக் கையமர்த்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"இவங்களுக்கு வால்வுல பழைய பிரச்சின இருக்கு. யாருமே உங்களுக்குச் சொல்லலையா?"

அங்கே சம்பந்தியம்மா இல்லை. யாரும் இல்லை. சொன்னேன். பதினோரு வயது, முழங்கால், ஊசி எல்லாம் சொன்னேன்.

"ஊசிய எப்ப நிறுத்துனீங்க?"

"ரெண்டு வருசம் இருக்கும்."

"யார் நிறுத்தச் சொன்னது?"

"நின்னு போச்சும்மா" என்றேன்.

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 6, புதன்

தண்ணீர் பிரியும் மருந்து கொடுத்ததில் மூச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஐ.சி.யூ.வில் இருக்கிறாள். ஊசி ஏற்ற இடமில்லை என்று சிஸ்டர் வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். கை வீங்கியிருந்ததால் சில வரவில்லை, உடைத்துவிட்டார்கள். மீதியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

இருதய டாக்டர் ஜெபராஜ் எக்கோ எடுக்கும்போது என்னையும் உள்ளே நிற்கவிட்டார். திரையில் கறுப்பு வெள்ளையாக ஏதோ ஆடியது. அதுதான் என் மகளின் இருதயம் என்றார். மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இரண்டு இதழ் இருக்க வேண்டும், நன்றாக விரிந்து மூட வேண்டும். அவளுக்கு அடி பட்டுப் பட்டு ஓரமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது.

"சாதாரணமா நாலு சதுர சென்டிமீட்டர் திறக்கணும். உங்க பொண்ணுக்குப் பாயின்ட் எட்டுதான் திறக்கு. பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்தம் ஒண்ணரை மடங்கு ஆயிரும். ஏழாம் மாசம், எட்டாம் மாசம் உச்சம். அவ்வளவும் இந்தச் சின்னச் சந்து வழியாத்தான் போகணும். போகாதது பின்னால நுரையீரல்ல தேங்கி, தண்ணியாக் கசியுது. அதான் நீங்க பாத்த நுரை."

"ரத்தம் கம்மின்னுல்லா சொன்னாவ."

"அதுவும் இருக்கு. ஆனா அது மட்டும் இல்ல."

துடிப்பைக் குறைக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வேகமாக அடித்தால்தானே ரத்தம் வேகமாகப் போகும், எதற்குக் குறைக்கிறீர்கள் என்று கேட்டேன். துடிப்பு கூடினால் இதழ் திறந்திருக்கும் நேரம் குறைந்துவிடும் என்றார். அது மட்டும் எனக்கு உடனே புரிந்தது. பஸ் டிரிப்பைக் கூட்டினால் ஸ்டாண்டில் வண்டி நிற்கிற நேரம் குறையும், ஏற வேண்டிய ஜனம் ஏறாமல் கீழேயே நிற்கும். வாழ்நாள் முழுக்க இதைத்தான் பார்த்தேன். என் வீட்டுக்குள் நடந்ததைப் பார்க்கவில்லை.

தொடையில் உள்ள ரத்த நாளம் வழியாக ஒரு குழாயை இருதயம் வரை செலுத்தி, அதன் நுனியில் உள்ள பலூனை வால்வுக்குள் ஊதி, ஒட்டிய இதழைப் பிரித்துவிட வேண்டுமாம். வெள்ளிக்கிழமை செய்யலாம் என்கிறார். தாய்க்கும் பிள்ளைக்கும் உத்தரவாதம் உண்டா என்றேன். "செய்யாம விட்டாத்தான் உத்தரவாதமே இல்லை" என்றார்.

மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும் மத்தியானம் வந்தார்கள். டாக்டரிடம் தனியாகப் போய், பழைய கதையை அவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டேன். அவர் சொல்ல அவசியமே இல்லாமல் போயிற்று. சாயங்காலம் சிஸ்டர் ஃபைலோடு வராந்தாவுக்கு வந்து, எல்லார் காதிலும் விழ, "சங்கரி வீட்டுக்காரங்க யாரு? ஒன்பது வருசம் பென்சிலின் போட்டிருக்குன்னு எழுதியிருக்கு, அலர்ஜி எதுவும் வந்ததுண்டா?" என்று கேட்டாள்.

"வந்ததில்லம்மா" என்றேன் நான்.

சம்பந்தியம்மா தன் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்தாள்.

பிப்ரவரி 7

மாப்பிள்ளை காலையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம் மாமா" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து போய் எனக்கும் சேர்த்துக் காப்பி வாங்கி வந்தார். அந்தக் காப்பியைக் குடிப்பதற்கு வெட்கமாக இருந்தது, குடித்தேன்.

சம்பந்தியம்மா மத்தியானம்தான் வாயைத் திறந்தாள். ஆஸ்பத்திரி அதிரக் கத்தப்போகிறாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவளுக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டு என்று எனக்குத் தெரியாது.

"சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டோம் அண்ணாச்சி. அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். கும்பிட்டுட்டு அடுத்த பொண்ணப் பாக்கப் போயிருப்போம்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆனா எடுத்த பொறவு சொல்லியிருக்கலாம்லா? நான் அவள மொட்ட மாடிக்கு வத்தல் காயப்போட எத்தன தடவ ஏத்தி எறக்கியிருக்கேன் தெரியுமா? நின்னு நின்னு வருவா. சோம்பேறின்னு ஏசியிருக்கேன். பிள்ளைய வயித்துல வச்சிக்கிட்டு மூச்சுக்குச் செத்தவள நான் ஏசியிருக்கேன்."

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த எனக்கு என்ன தகுதி இருக்கிறது?

பிப்ரவரி 8, வெள்ளி

ஒன்பது மணிக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளைக்கு எக்ஸ்ரே கதிர் படாமல் இருக்க வயிற்றைச் சுற்றி முன்னும் பின்னும் ஈயத் துணி கட்டியிருந்தார்கள். மயக்க மருந்து கிடையாது, தொடையில் மட்டும் மரத்துப்போக ஊசி. தள்ளுவண்டியில் போகும்போது என் விரலைப் பிடித்து, "பயப்படாதீங்கப்பா" என்றாள்.

கதவு மூடியது. எழுதுவதற்கு ஒன்றுமில்லை. எதிர்ச் சுவரில் இருதயத்தின் படம், சிவப்பும் நீலமுமாக. அதில் அந்த வால்வு எது என்று இப்போது என்னால் காட்ட முடியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவ்வளவு தெரிந்திருந்தால் வேறு மாதிரி நடந்திருப்பேனா என்று யோசித்தேன். நடந்திருக்க மாட்டேன். எனக்கு அப்போதும் தெரிய வேண்டியது தெரியும்.

பதினொன்றே காலுக்கு டாக்டர் வந்தார். பலூன் நல்லபடியாக விரிந்துவிட்டது. பாயின்ட் எட்டு இப்போது ஒன்று பாயின்ட் ஏழு. லேசான கசிவு உண்டு, அது பரவாயில்லை. பிள்ளையின் துடிப்பு நூற்று நாற்பது, நன்றாக இருக்கிறது. சம்பந்தியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் டாக்டர் பின்னாலேயே போனேன். "அந்த ரெண்டு வருசம் ஊசி போட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா சார்?"

அவர் நடையை நிறுத்தி யோசித்தார். "முன்னாடியே வால்வு கெட்டுத்தான் இருந்துச்சு. இதுல ரெண்டு வருசம் எவ்வளவு கெடுத்துதுன்னு சொல்ல முடியாதுங்க. எந்த மெஷினும் சொல்லாது."

பாதி என்று சொன்னாலாவது பாதியை வைத்துக்கொண்டு அழலாம். அதுவும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 9

ஒரே தலையணை. மல்லாந்து படுத்து மூன்று மணி நேரம் தூங்கினாள்.

பிப்ரவரி 11, திங்கள்

பொது வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் ஜெபராஜ் அவளிடம், திரும்பவும் இருபத்தொரு நாள் ஊசியை ஆரம்பிக்க வேண்டும், பிரசவத்துக்கு அப்புறமும் விடக்கூடாது, நாற்பது வயது வரைக்குமாவது போட வேண்டும் என்றார். நாங்கள் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

"ஒன்பது வருசம் ஒழுங்காப் போட்டிருக்கியேம்மா. அப்புறம் யாரு நிறுத்தச் சொன்னா?" என்று கேட்டார்.

"டாக்டரேதான் சார் சொன்னாவ. சரியாப்போச்சு, இனிமே வேண்டாம்னு. எங்க அப்பாதான் நேர்ல போய்க் கேட்டுட்டு வந்தாவ." அப்புறம் டாக்டர் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள். "எங்க அப்பாவ ஏசாதீங்க சார். அம்மா இல்லாத பிள்ளைன்னு ஒரு ஊசிகூட விட்டதில்ல அவுக."

டாக்டர் என்னைப் பார்த்தார். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

இந்த நோட்டில் ஊசி நின்றது, ஊசி நின்றது என்றே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். ஊசி தானாக நிற்கவில்லை. இரண்டாவது வரன் போன மறுவாரம், சிவப்பு வட்டம் போட்ட நாளன்று, டாக்டர் அருணாசலத்தை முதலில் நான் பார்த்துப் பேசிவிட்டு வருகிறேன் என்று அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். டாக்டர் வீட்டுக்குப் போகவே இல்லை. டெப்போவுக்கு எதிர்த்த டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கால் கிலோ பூந்தி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், "டாக்டரே சொல்லிட்டாரு தாயி, இனிமே ஊசி வேண்டாமாம்" என்றேன். துள்ளிக் குதித்தாள். அன்று ராத்திரி வரை வீட்டுக்குள் பாடிக்கொண்டே திரிந்தாள்.

அவளை ஏமாற்றுவது எவ்வளவு எளிதாக இருந்தது என்று அப்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதையும் எழுதிவிட வேண்டும்.

பிப்ரவரி 12, செவ்வாய்

இன்று சொல்லிவிட்டேன்.

சம்பந்தியம்மா குளிக்கப் போயிருந்தாள். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கும்போதே சொல்வதுதான் சரி என்று பட்டது.

"தாயி, நான் அன்னைக்கு டாக்டர்ட்ட போகல."

"என்னைக்குப்பா?"

"ஊசி வேண்டாம்னு சொல்லிட்டாருன்னு வந்து சொன்னேன்லா. அன்னைக்கு."

அவளுக்கு உடனே புரியவில்லை. சிரித்த முகமாகவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனதை நான் பார்த்தேன்.

"அப்ப அவரு நிறுத்தச் சொல்லலையா?"

"இல்ல."

"நீங்களா..."

"நானாத்தான். உனக்கு ஒரு கல்யாணம் ஆகணுமேன்னு."

வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். அழவில்லை. ஏசவும் இல்லை. ஏசமாட்டாளா என்று காத்திருந்தேன்.

"நான் கேட்டேன்லாப்பா" என்றாள் கடைசியில். "ரெண்டு வாரம் முன்னாலகூடக் கேட்டேன். டாக்டரம்மாட்ட சொல்லணுமான்னு."

"கேட்ட தாயி."

"மூச்சு முட்டுறப்பக்கூட நெஞ்சா இருக்காதுன்னுதான் நெனச்சேன். டாக்டரே சொல்லியிருக்காருல்லான்னு."

மாப்பிள்ளை உரித்த ஆரஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

அப்போது சிஸ்டர் வாசலில் வந்து, "சங்கரிகூட யாரு இருக்கா? வீட்டுக்குப் போற விசயமா டாக்டர் பேசணுமாம், ரூமுக்கு வரச் சொல்லுதாரு" என்றாள். நான் எழுந்துவிட்டேன். பதினோரு வருடமாக அவள் விஷயத்தில் யார் கூப்பிட்டாலும் நான்தான் எழுந்திருப்பேன்.

"நீங்க இருங்கப்பா" என்றாள் சங்கரி. கோபமாகச் சொல்லவில்லை. புருஷனைப் பார்த்துச் சொன்னாள்: "நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க."

மாப்பிள்ளை என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனார். நான் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அரை மணி நேரம் கழித்து வந்தார். ஊசி எந்தத் தேதி, எந்த மாத்திரை எத்தனை வேளை, பிரசவத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று டாக்டர் சொன்னதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவளிடம்தான் சொன்னார். பக்கத்தில் இருந்ததால் எனக்கும் காதில் விழுந்தது.